டோர்சி எதை விட்டார், எதை விடவில்லை

அமெரிக்கக் கறுப்பினச் சுவிசேஷப் பாடலாசிரியர் தாமஸ் ஏ. டோர்சியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் 1932 ஆகஸ்டில்தான் தொடங்குவார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் இருந்தவருக்கு, மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. சிகாகோ திரும்பினார், பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் எழுதியதுதான் ‘டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்’. விடுதிகளில் ப்ளூஸ் வாசித்தவர் அன்றோடு உலகப் பாட்டை உதறிவிட்டு ஊழியத்துக்கு வந்தார் என்பது சாட்சிக் கூட்டங்களுக்கு ஏற்ற கதை. ஆனால், ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்காது. 1899-இல் ஜார்ஜியாவில் பாப்டிஸ்ட் பிரசங்கியாரின் மகனாகப் பிறந்த டோர்சி, 1921-இல் சிகாகோ பாப்டிஸ்ட் மாநாட்டில் கேட்ட ஒரு பாட்டில் உருகி, அப்போதே பக்திப் பாடல் எழுத ஆரம்பித்துவிட்டார். 1924-இல் ப்ளூஸ் பாடகி மா ரெய்னியின் இசைக்குழுவை நடத்தினார். 1928-இல் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில், கிட்டார் கலைஞர் டாம்பா ரெட்டுடன் அவர் பதிவுசெய்த இரட்டை அர்த்தப் பாடல் ஒன்று இசைத்தட்டில் அமோகமாக விற்றது. 1931-இல் சிகாகோவின் எபனேசர் சபையில் சுவிசேஷப் பாடகர் குழு அமைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. தந்தி வந்த நாளில்கூட அவர் செயின்ட் லூயிஸுக்குப் போயிருந்தது சுவிசேஷப் பாட்டுப் பணிக்காகத்தான்.

அப்படியானால் அந்த மரணம் எதையும் மாற்றவில்லையா என்று கேட்கலாம். மாற்றியது. அதன்பின் ப்ளூஸ் தொழிலுக்கு அவர் திரும்பவில்லை. ஆனால் அவர் விட்டது சொற்களையும் மேடையையும்தான். கை பழகிய வாசிப்பை விடவில்லை. ‘பிரெஷஸ் லார்ட்’ மெட்டையே பாருங்கள். அது 19-ஆம் நூற்றாண்டின் பழைய கீதமொன்றைத் தழுவியது. டோர்சி அதைத் தாமதப்படுத்தினார்; பாடுபவர் ஒரு சொல்லை இழுத்து, வளைத்து, மூச்சுவிட்டுத் தொடர இடம் வைத்தார். அச்சிட்ட தாளில் இருப்பது எலும்புக்கூடு; சதையைப் பாடகர்தான் சேர்க்க வேண்டும். ப்ளூஸ்காரரின் வழக்கமும் இதேதான்.

இதைத்தான் சபைப் பெரியவர்கள் பலர் எதிர்த்தார்கள். கேளிக்கை விடுதியை ஆராதனைக்குள் கொண்டுவருகிறார் என்றார்கள். பக்தியில் கண்ணியம் வேண்டும் என்ற அவர்களுடைய கவலை உண்மையானது. அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கைதட்டலும் கதறலும் தெற்கத்திய கறுப்பினச் சபைகளில் ப்ளூஸ் இசைத்தட்டுகளுக்கு வெகு முன்பே இருந்தவை. அந்தத் தெற்கிலிருந்து வடக்கே குடியேறிய ஏழைகள் சிகாகோவின் பெரிய ஆலயங்களில் ஐரோப்பியக் கீதங்களைக் கேட்டபடி வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள். டோர்சியின் குழுக்களில் அவர்களே எழுந்து பாடினார்கள். பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ஜே. சி. ஆஸ்டின் இதை உணர்ந்தே 1932-இல் அவரைப் பாடகர் குழுவுக்குப் பொறுப்பாக்கினார். பல பத்தாண்டுகள் டோர்சி அங்கேயே இருந்தார். எழுத்தும் ஊழியமாயிற்று: தாள் தாளாக அச்சிட்டு விற்ற பாடல்களை, பாடகி சாலி மார்ட்டின் ஊர் ஊராகப் போய்ப் பாடி, விற்பனைக்கு ஒழுங்கான கணக்கும் ஏற்படுத்தினார்.

(தொடரும்)