அறிவு மட்டுமே அளவுகோலா?

மனிதனின் சிறப்பு எதில் இருக்கிறது? தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதலாக வகுத்து, மனத்தை ஆறாம் அறிவாக வைத்தார். மேலைநாட்டு மானிடவாதமோ பகுத்தறிவைக் கொண்டே மனிதனை உலகின் நடுவில் அமர்த்தியது. பிரெஞ்சு அறிஞர் ரெனே டெகார்ட் 1637ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், எந்திரம் சில சொற்களை ஒலிக்கலாம். ஆயினும் கேட்பவற்றுக்கெல்லாம் பொருளறிந்து விடையிறுக்க அதனால் இயலாது என்றார். விலங்குகளையும் அவர் எந்திரங்களாகவே கருதினார்.

இவ்வேலியை இருவர் இருபுறமிருந்து அசைத்தனர். அறம் காட்டுவதற்கு ஓர் உயிர் சிந்திக்குமா, பேசுமா என்பது அளவன்று. துன்புறுமா என்பதே அளவு என்று 1789இல் இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம் வாதிட்டார். 1950இல் ஆலன் டூரிங், எழுத்துவழி உரையாடலில் மனிதனிடமிருந்து பிரித்தறிய இயலாத எந்திரத்தைச் சிந்திப்பதாகக் கொள்ளலாம் என்றார்.

1966இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்னும் கணிப்பொறி நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்யும் சொற்களையே அது திருப்பி வினாவாக்கும், வேறொன்றும் அறியாது. அஃது வெறும் நிரலே என்பதை அறிந்திருந்தும், அதனோடு தனித்து உரையாட விரும்பிய அவருடைய செயலாளர் அவரையே அறையைவிட்டு வெளியேறச் சொன்னார். இட்லரின் ஜெர்மனியிலிருந்து 1936இல் குடும்பத்தோடு வெளியேறிய யூதர் வைசன்பாம். மனிதனை மனிதனாக மதிக்க மறுத்த ஆட்சியைக் கண்டவர். கணிப்பொறியால் இயலுமாயினும் அதனிடம் ஒப்படைக்கத் தகாத பணிகள் உள என 1976இல் நூலெழுதி எச்சரித்தார்.

2017இல் ஐரோப்பிய நாடாளுமன்றம், தாமே முடிவெடுக்கும் எந்திரங்களுக்கு 'மின்னணு ஆள்' என்னும் சட்டத்தகுதி வழங்குவதை ஆராயுமாறு கேட்டது. மறு ஆண்டே 150க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் அதனை எதிர்த்துக் கடிதம் எழுதினர். எந்திரம் ஆளாகிவிட்டால், அதனைச் செய்தவனும் விற்றவனும் பழியிலிருந்து ஒதுங்க வழியாகும் அன்றோ?

இன்று எந்திரம் கட்டுரை வரைகிறது. டெகார்டின் வேலி சாய்ந்துவிட்டது. அறிவே மாண்பின் அளவெனில் எந்திரம் நம்மினும் உயர்ந்ததாகும். எழுத்துக்கூட்டத் தடுமாறும் மாணவன் அதனினும் தாழ்ந்தவனாவான். முப்பதாண்டுகள் வகுப்பறையில் நின்ற என்னால் இதனை ஏற்க இயலாது. அம்மாணவன் கடைசி வரிசையில் ஓசையின்றி அழுததைக் கண்டிருக்கிறேன். நோவு அறியும் எந்திரம் ஒருநாள் தோன்றுமாயின், அதற்கும் நாம் கடமைப்பட்டவராவோம். அந்நாள் வருமுன், நம் கண்முன் நோகும் உயிர்களை மதிப்பெண்ணால் அளப்பதை விடுவோமாக.