விற்ற துவக்கை மீண்டும் வாங்கிய அரசு

அவசரத்திற் கொண்ட பழம்பொருள் வாங்கியவரைப் பின்னர் வருத்தும். அரசுக்கும் இது பொருந்தும்.

1861ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டின் நடுப்பகுதியிலே, பழையன என ஒதுக்கிய ஏறக்குறைய 5,000 ஹோல் துவக்குகளை அந்நாட்டுப் படைக்கலப் பகுதி ஒன்று 3.50 டொலராக விற்றது. அவை கைமாறின, குழல்கள் சிறிது திருத்தப்பட்டன. ஓகஸ்ற் மாதத்தில், போதிய ஆயுதமின்றித் தவித்த தளபதி பிறீமொண்ட் அவற்றையே ஒன்று 22 டொலராக அரசின் பெயரில் வாங்கினார்.

உண்மை வெளிப்பட்டதும் அரசு முழுத்தொகையையும் கொடுக்க மறுத்தது. ஆயினும், ஒப்பந்தம் ஒப்பந்தமே என நீதிமன்றம் தீர்த்தது.

வணிகரின் பேராசை கண்டிக்கத்தக்கதே. எனினும், ஒரு கை விற்கும் பொருள் மறுகைக்கு வேண்டுமோவென எவரும் வினவாமையே இழப்பின் வேர்.