புறாப் பந்தயத்தில் ஜோடி பிரித்தல்

புறாப் பந்தயத்தில் ஜோடி பிரித்தல் என்பது ஒரு வளர்ப்பு உத்தி. பந்தயப் புறாவை அதன் இணையிடமிருந்து சில நாள் விலக்கி வைத்து, அனுப்புமுன் சற்றுநேரம் காட்டி, திரும்பி வந்ததும் மீண்டும் சேர்த்து, அதன்வழி வீடு திரும்பும் வேகத்தைக் கூட்ட முயல்வது. ஆங்கிலத்தில் விடோஹுட் எனப்படும் இம்முறை பெல்ஜியத்தில் உருப்பெற்றது. சென்னையில் கர்ணம், சாதா, ஹோமர் என மூவகைப் புறாப் பந்தயங்கள் வழங்குகின்றன. கர்ணப் புறாவுக்கு வானில் அடிக்கும் கரணமும், சாதாவுக்கு இறங்காமல் பறக்கும் நேரமும் கணக்கு. தொலைவில் விடப்பட்டு வீடு திரும்புவது ஹோமர் மட்டுமே. ஜோடி பிரித்தல் முதன்மையாக ஹோமருக்கு உரியது.

புறா இணைபிரியாத பறவை என்பது பழைய கவனிப்பு. கலித்தொகையின் பாலைப் பாட்டொன்றில், ஆண்புறா தன் மெல்லிய சிறகால் பெடையின் களைப்பை ஆற்றும் காட்சியைச் சொல்லி, அத்தகைய காட்டு வழியே போன தலைவன் திரும்பிவிடுவான் என்று தலைவி தேறுகிறாள். புறா ஜோடியைக் கண்டவனுக்கு வீட்டு நினைவு வரும் என்பது அவள் கணக்கு. பிற்காலப் பெல்ஜியக்காரர்களின் கணக்கும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. அக்பரின் அரண்மனையில் 20,000க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்ததாக அபுல் ஃபசலின் அயினி அக்பரி கூறுகிறது. ஆனால் அங்கே நடந்தது கூட்டமாகப் பறக்கவிடும் விளையாட்டு, தொலைதூரப் பந்தயம் அன்று.

தொலைதூரப் பந்தயத்தின் தொடக்கத்தைப் பெல்ஜியத்தில் 1818ஆம் ஆண்டையொட்டி வைப்பது பந்தய வரலாற்று நூல்களின் வழக்கம். சில நூல்கள் 1820இல் பாரிசிலிருந்து லியேஜுக்கு நடந்த பந்தயத்தை முதன்மைப்படுத்துகின்றன. ரயில் வந்த பிறகு கூடைகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் கொண்டுபோக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் சுரங்கத் தொழிலாளிகளின் பொழுதுபோக்காயிற்று. தொடக்கத்தில் எல்லாரும் இயற்கை முறையிலேயே புறா விட்டனர். அதாவது ஜோடியைப் பிரிக்காமல், முட்டையில் உட்கார்ந்திருக்கும்போதோ கூட்டில் குஞ்சு இருக்கும்போதோ அனுப்புவது. புறா முட்டை பொரிய 17 அல்லது 18 நாளாகும். பகலின் நடுப்பகுதியில் ஆணும், மற்ற நேரமும் இரவு முழுதும் பெட்டையும் அடைகாக்கும். பொரித்த குஞ்சுக்கு இரண்டுமே தீனிப்பையில் சுரக்கும் பாலை ஊட்டும். இந்த நாட்காட்டியில் எந்த நாளில் அனுப்பினால் வேகம் கூடும் என்பதே அன்றைய கலை. சிலர் அடையின் பத்தாம் நாளை நம்பினர். சிலர் பெரிய குஞ்சுக்கு இரை ஊட்டும் கட்டத்தை நம்பினர். ஜோடி பிரிக்கும் முறை இதிலிருந்து எப்போது தனியே கிளைத்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி என்பாரும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பாரும் உள்ளனர்.

செந்நெறி முறையின் ஒழுங்கு பின்வருமாறு அமையும். பந்தயக் காலத்துக்கு முன்பே ஜோடி போட்டு, பெரும்பாலும் ஒரு ஈட்டுக் குஞ்சை வளர்க்க விடுவர். அடுத்த ஈட்டு முட்டையில் ஏறக்குறைய பத்து நாள் உட்கார்ந்ததும் முட்டையையும் பெட்டையையும் எடுத்துவிடுவர். ஆண் தன் கூட்டுப்பெட்டியில் தனியே இருக்கும். பெட்டை பார்வைக்கும் காதுக்கும் எட்டாத வேறு அறையில் இருக்கும். கூடையில் ஏற்றும் நாளில் பெட்டியில் கவிழ்த்து வைத்த அடைச்சட்டியை நிமிர்த்தி, பெட்டையைச் சில நிமிடம் மட்டும் காட்டுவர். பந்தயம் முடிந்து வந்தால் பெட்டை பெட்டியில் காத்திருக்கும். குறுகிய பந்தயமானால் சந்திப்பும் குறுகியது. கடுமையான நெடுந்தூரப் பறத்தலுக்குப் பின் கூடுதல் நேரம் விடுவர். சந்திப்பை நீட்டினால் அடுத்த வாரம் ஆண் சோம்பும், குறைத்தால் நம்பிக்கை இழக்கும் என்று வளர்ப்பாளர் சொல்வர். எத்தனை நிமிடம் என்பதில் எந்த இரண்டு கையேடும் ஒத்துப்போவதில்லை. பின்னாளில் ஆண், பெட்டை இரண்டையுமே பந்தயத்துக்கு அனுப்பும் முழுப் பிரிப்பு முறையும், ஒரு பெட்டையை இரு ஆண்களுக்குக் காட்டிப் பொறாமை மூட்டும் முறையும் கிளைத்தன.

இம்முறையின் வெற்றிக்கு ஏக்கமே காரணம் என்பது பரவலான விளக்கம். அது பாதி உண்மையாக இருக்கலாம். முழு உண்மையாக இருக்க முடியாது. இணையே அறியாத இளம்புறா வீடு திரும்புகிறது. ஆகவே திசையறியும் ஆற்றலோடு பிரிவுக்கு நேரடித் தொடர்பில்லை. அந்த ஆற்றல் சூரியனைச் சார்ந்ததா, காந்தப்புலத்தைச் சார்ந்ததா, மணத்தைச் சார்ந்ததா என்பதில் 1970களில் தொடங்கிய வாதம் இன்னும் அடங்கவில்லை. பிரிப்பு தருவது வழியை அன்று, சில நிமிடங்களை மட்டுமே என்று கொள்வது பொருந்தும். அந்த நிமிடங்களும் மூன்று இடங்களிலிருந்து வருவதாகத் தெரிகிறது. முதலாவது ஓய்வு: அடைகாக்கும் வேலையும் குஞ்சு வளர்க்கும் சுமையும் இல்லாத ஆண் வாரம் முழுதும் வலுச் சேர்க்கிறது. இரண்டாவது இறகு: அடைகாக்கும் புறா, பெரும்பாலும் இரண்டாம் ஈட்டில், பறக்கும் இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்க்கத் தொடங்கும். முட்டையை இடையில் எடுத்துவிட்டால் உதிர்வு தள்ளிப்போய்ச் சிறகு முழுமையாக நிற்கும். ஜோடியே இல்லாத இளம்புறாக்களின் கூட்டை மாலையில் முன்னதாக இருட்டாக்கி, இறகுதிர்வைத் தள்ளிப்போட்டுப் பயன் காண்பது இதற்குத் துணைச்சான்று. மூன்றாவது இடம்: ஆண் தன் பெட்டியைப் பிறிதோர் ஆணுக்கு விட்டுக்கொடுக்காத பறவை. பெட்டை இல்லாத வெறும் பெட்டிக்கே விரைந்து வரும் ஆண்களும் உண்டு.

அப்படியானால் அனுப்புமுன் பெட்டையைக் காட்டுவது எதற்கு என்ற தடை எழலாம். காட்டாமலே அனுப்பி வென்றவர்களும் இருக்கிறார்கள் என்பது ஒரு விடை. காட்டுவதன் பயன் பறத்தலைவிட இறங்குதலில் இருக்கலாம் என்பது மற்றொன்று. கூரையில் வந்து உட்கார்ந்துகொண்டு உள்ளே நுழையாத புறா எவ்வளவு வேகமாகப் பறந்திருந்தும் பயனில்லை. நுழைந்து பதிவானால்தான் நேரம். பெட்டை காத்திருக்கிறது என்று பழகிய ஆண் கூரையில் தங்குவதில்லை. பெட்டைகள் திறனற்றவை என்பதால்தான் ஆண்களை மட்டும் அனுப்பினர் என்ற பழைய கூற்றையும் ஏற்பதற்கில்லை. 2020 நவம்பரில் 16 லட்சம் யூரோவுக்கு ஏலம்போன பெல்ஜியப் புறா நியூ கிம் ஒரு பெட்டை.

இந்தியாவில் நன்கு பதிவான வரலாறு பந்தயத்துக்கன்று, தூதுக்கு உரியது. ஒடிசா காவல்துறையின் புறாத் தூதுப் பணி 1946இல், ராணுவம் தந்த 200 புறாக்களோடு கோராபுட்டில் தொடங்கியது. 1948இல் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்குச் செய்தி அனுப்பியதும், 1999 பெரும்புயலில் கம்பிகள் அறுந்தபோது புறாக்கள் பயன்பட்டதும் அதன் பெருமைகள். இப்பணியில் ஒருவழித் தூதோடு, போய்ப் பதிலோடு திரும்பும் இருவழித் தூதும் இருந்தது. இருவழித் தூதின் அடிப்படை எளிது: ஓரிடத்தில் இரை, மற்றோரிடத்தில் கூடு. இங்கே காலம் வகுத்தது பசி, இணையன்று. ஜோடி பிரித்தல் ஒன்றே புறாவை விரைவுபடுத்தும் வழி என்போருக்கு இது நல்ல மறுப்பு.

வடசென்னையில் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, ஆலைப் பகுதிகளில் மொட்டைமாடிப் புறாக்கூண்டு பழகிய காட்சி. ஹோமர் பந்தயங்கள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஓங்கோல், விஜயவாடா, நாக்பூர் என வடக்குநோக்கிய ரயில் பாதையை ஒட்டிய ஊர்களிலிருந்து விடப்படுகின்றன. நேர்க்கோட்டில் ஓங்கோல் ஏறக்குறைய 270, விஜயவாடா 380, நாக்பூர் 900 கிலோமீட்டர். கடலோரமாக வரும் புறா பழவேற்காட்டு ஏரியைக் கடந்து, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைத் தாண்டி, கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரக்குப்பத்தின் மேலாக நகருக்குள் நுழையும். அங்கிருந்து ராயபுரம் சுமார் 13 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 1,200 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடம். ஒவ்வொரு கூட்டுக்கும் தூரத்தைத் தனியே அளந்து, வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கிடுவதால் முகத்துவாரத்தில் இருப்பவருக்கு அந்த 11 நிமிடம் லாபமாகாது. இந்த வட்டாரத்துக்குப் பெல்ஜிய ஒழுங்கு அப்படியே பொருந்தாது. வார இறுதிப் பந்தயத்துக்கு அங்கே பிரிவுக்கும் விடுதலைக்கும் இடையே ஓரிரு இரவுதான். நாக்பூருக்கு இங்கிருந்து கூடை போய்ச்சேர்ந்து, புறா இளைப்பாறி, விடப்படுவதற்குள் நாட்கள் கழியும். தகரக் கொட்டகை ஒன்றே இருக்கும் மாடியில் பெட்டையைக் காதுக்கெட்டாத தூரத்தில் வைப்பதும் கடினம். ஆகவே குறும்பந்தயத்துக்குப் பிரிப்பும், நெடும்பந்தயத்துக்கு முட்டை அல்லது குஞ்சின் பிடிப்பும் என்று வகுப்பதே இங்கு நியாயமானது. நெடும்பந்தயத்திலும் பிரித்த ஆண்களே வென்ற ஐரோப்பிய எடுத்துக்காட்டுகள் உள்ளன என்பது மறுப்பாகலாம். ஆனால் அவை பல அறைக் கூடுகளும் தனி வண்டிகளும் உள்ள சூழலில் வந்தவை. வழியில் புறாவை வீழ்த்தும் வல்லூறு, உயரழுத்த மின்கம்பி, மாஞ்சா நூல் ஆகியவற்றுக்கு எந்த முறையும் விடையன்று.

அண்மைக் காலம் பற்றிக் குறிப்புகள் குறைவு. 2015இல் வெளியான மாரி திரைப்படம் சென்னைப் புறாப் பந்தயத்தை வெளியார்க்கு அறிமுகப்படுத்தியது. ரப்பர் வளையமும் பந்தயக் கடிகாரமும் இருந்த இடத்துக்குச் சில்லு வளையமும் மின்னணுப் பதிவும் வந்துள்ளன. பலருடைய குஞ்சுகளை ஒரே கூட்டில் வளர்த்து ஒன்றாக விடும் பந்தயங்கள் உலகெங்கும் பரவிவருகின்றன. அவற்றில் பறப்பவை பெரும்பாலும் இன்னும் ஜோடி சேராத இளம்புறாக்கள்; பிரிப்பதற்கு அங்கே ஜோடியே இல்லை.