தராதரம் அளக்கும் கோல்: சென்னைப் பரீட்சை முதல் ஷாங்காய்ப் பட்டியல் வரை

நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில், வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி உருவி, விரல்களுக்கிடையே இழுத்து இழையின் நீளம் பார்த்து, கொட்டு ரகமா நல்ல ரகமா என்று தேறிய பிறகே விலை எழுதுவதைக் கண்டவர்களுக்கு, தொட்டுப் பாராமல் தரம் சொல்வது விநோதமாகவே தோன்றும். சர்வகலாசாலைகளின் தராதரம் நிர்ணயிக்கப்பட்டு வந்த சரித்திரமோ, தொட்டுப் பார்ப்பதிலிருந்து தூரத்தில் இருந்தே எண்ணுவதற்கு நகர்ந்த சரித்திரம்.

1857 செப்டம்பர் 5ஆம் தேதி, லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஸ்தாபிக்கப்பட்ட சென்னைச் சர்வகலாசாலை, ஆரம்பத்தில் பாடம் சொல்லவில்லை. பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கிற்று. 1904ஆம் ஆண்டின் சட்டம், இணைந்த கல்லூரிகளைச் சோதிக்கும் பொறுப்பையும் அதற்கு உறுதிப்படுத்தியது. இவ்வாறு பிறரை அளந்து வந்த ஸ்தாபனத்தையே அளப்பதற்கு ஓர் அமைப்பு ஏற்படப் பல தலைமுறைகள் கழிந்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழு 1994இல் தோன்றி, முதலில் நட்சத்திரங்களாலும் பின்னர் எழுத்துகளாலும் தரம் குறித்தது. அதன் நிபுணர்கள் நேரில் வந்தார்கள். மூட்டைக்குள் கை விடும் வழக்கம் அவ்வளவில் தப்பிப் பிழைத்தது.

2003இல் ஷாங்காய் ஜியாவ் தொங் சர்வகலாசாலையார், சீனக் கல்விக்கூடங்கள் உலகின் முன்னணிக்கு எவ்வளவு பின்தங்கியிருக்கின்றன என்றறியும் பொருட்டுத் தொகுத்த பட்டியலோ, யாரையும் நேரில் காணாமல், நோபல் பரிசுகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணியது. பழைய மாணவர் பெற்ற பரிசுக்குப் பின்னர் பத்துச் சதவிகிதம் சேர்க்கப்பட்டது. ஆனால் அக்காலக் கணக்கில், பட்டம் 1991க்கும் 2000க்கும் இடையே பெற்றதானால் முழு மதிப்பு, அதற்கு முந்திய ஒவ்வொரு பத்தாண்டுக்கும் பத்தில் ஒரு பங்கு கழிவு. அந்தக் கணக்கின்படி, சென்னை மாநிலக் கல்லூரியில் 1907இல் எம்.ஏ. தேறிய சி.வி. ராமனின் மதிப்பு பத்தில் ஒன்று! 1930இல் பரிசு பெற்றபோது அவர் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தமையால், ஆசிரியர் வகைப் பெருமை அங்கே போய்ச் சேரும். கீர்த்திக்குத் தேய்மானம் கணக்கிடும் இந்தச் சாமர்த்தியம் நமக்கு வியப்பையே தருகிறது.

ஷாங்காய்ப் பட்டியலுக்கு அடுத்த ஆண்டே லண்டனிலிருந்து வெளிவந்த கியூஎஸ் என்னும் உலகத் தரவரிசைப் பட்டியல் அபிப்பிராயத்தை நம்பிற்று. கல்வியாளரின் நன்மதிப்புக்கு நெடுங்காலம் நாற்பது சதவிகிதம் அளித்து, அண்மையில்தான் முப்பதாகக் குறைத்தது. கியாதியால் இடமும் இடத்தால் கியாதியும் வளரும் இந்தச் சுழலுக்குள் புதிய ஸ்தாபனம் நுழைவது எளிதன்று.

அவ்விதம் புதியது 1997இல் சேலத்தில் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம். சென்னையின் ஆளுகையிலிருந்து பிரிந்து, சேலம், நாமக்கல், தருமபுரிப் பிள்ளைகளுக்காகவே ஏற்பட்ட அது, 2021இல் அங்கீகாரக் குழுவின் மிக உயர்ந்த எழுத்தான 'ஏ++' பெற்றது. எனினும், 2016 முதல் வெளிவரும் மத்திய அரசின் தேசியத் தரவரிசையில், அனைவரையும் அரவணைத்தலுக்குரிய நூறு மதிப்பெண்ணில் முப்பது, பிற மாநிலங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் வரும் மாணாக்கருக்கு உரியது. மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறி, சேலத்தில் மாறி, அந்திக்குள் வீடு திரும்பும் மாணவி, பெண்களுக்கென ஒதுக்கிய இன்னொரு முப்பதில் எண்ணப்படுகிறாள். வெளியிலிருந்து வருவோருக்குரிய முப்பதில் அவளுக்கு இடமில்லை.