எடை குறைப்பு மாத்திரைகள்

பசியை அடக்குவதாகவோ, உணவிலுள்ள கொழுப்பைக் குடலிலேயே தடுத்து நிறுத்துவதாகவோ, உடல் ஆற்றலைச் செலவிடும் வேகத்தைக் கூட்டுவதாகவோ சொல்லி உடல் எடையைக் குறைப்பதற்காக விற்கப்படும் மருந்துகளும் துணை உணவுகளும் எடை குறைப்பு மாத்திரைகள் எனப்படுகின்றன. ஆய்வில் தேறி, மருத்துவர் சீட்டின்பேரில் தரப்படும் மருந்துகள் இவற்றில் மிகச் சில. சந்தையில் நிறைந்திருப்பவை வேறு வகை. பத்து நாளில் பத்து கிலோ, பத்தியம் வேண்டாம், நடைப்பயிற்சி வேண்டாம் என்ற வாக்குறுதியோடு வரும் கேப்சூல்கள், பொடிகள், தேநீர்த் தூள்கள் அவை. இந்த இரண்டாம் வகையை நம்பலாமா என்ற கேள்விக்கு, நம்பக்கூடாது என்பதே தொண்ணூறு ஆண்டு மருத்துவ வரலாறு தரும் விடை.

சென்னையின் மேற்குப் புறநகரில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை ஒட்டிய நூம்பல் போன்ற பகுதிகளில் இந்த விளம்பரத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. மின்கம்பத்தில் ஒட்டிய தாளிலும், வாட்ஸ்ஆப் குழுவிலும், இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் அதுவே வந்து சேர்கிறது. அதற்குக் காது கொடுப்போர் பெருகியதற்குக் காரணமும் உண்டு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் மிகை எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். முந்தைய கணக்கெடுப்பில் இவை முறையே 30.9, 28.2 சதவீதமாக இருந்தன. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து புள்ளி உயர்வு. எடை குறைய வேண்டும் என்ற விருப்பத்தில் தவறு ஒன்றுமில்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் மூட்டுவலியும் அந்த விருப்பத்தை நியாயமாக்குகின்றன. அந்த நியாயமான கவலையைக் காசாக்குபவர்கள் மீதுதான் கோபம் கொள்ள வேண்டும்.

2023 ஜனவரியின் தொடக்கத்தில் குன்றத்தூரை அடுத்த சோமங்கலம் பகுதியிலிருந்து ஒரு செய்தி வந்தது. இருபது வயதை ஒட்டிய இளைஞர் ஒருவர், நண்பர் சொல்லக் கேட்டு எடை குறைப்பு மாத்திரைகளைச் சில நாட்கள் சாப்பிட்டபின் உடல்நலம் குன்றி இறந்தார். காவல்துறை வழக்குப் பதிந்தது. நூம்பலிலிருந்து பூந்தமல்லி, குன்றத்தூர் வழியாகப் போனால் சோமங்கலம் தொலைவில் இல்லை. மருத்துவரின் பரிசோதனை இல்லாமல் வாயில் போடும் மாத்திரை என்பது எங்கோ வெளிநாட்டில் நிகழும் ஆபத்து அல்ல என்பதற்காகவே இங்கே இது குறிப்பிடப்படுகிறது.

கணக்கு சொல்வது

விளம்பர வாக்குறுதியைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. பத்து கிலோ கொழுப்பு கரைய 77,000 கிலோகலோரி செலவாக வேண்டும். நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி செலவிடும் ஒருவர் பத்து நாள் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துப் பட்டினி கிடந்தாலும் செலவாவது 20,000தான். அது முழுவதும் கொழுப்பிலிருந்தே வந்ததாக வைத்துக்கொண்டாலும் இரண்டரை கிலோவைச் சற்றே தாண்டும். மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டே பத்து கிலோ கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லும் மாத்திரை, உடலியலுக்கே பொருந்தாத ஒன்றைச் சொல்கிறது.

ஆனாலும் சிலருக்கு எடைக்கருவியில் முள் இறங்குவது உண்மை. இறங்குவது பெரும்பாலும் நீர். கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்த முதல் சில நாட்களில் அந்தச் சேமிப்பு தீரும்போது நீரும் வெளியேறி, ஒன்றிரண்டு கிலோ குறைந்து காட்டும். பழையபடி சாப்பிட்டால் அது உடனே திரும்பிவிடும். சில மாத்திரைகளிலும் தேநீர்த் தூள்களிலும் சிறுநீர்ப் பெருக்கிகளோ நிலாவாரை போன்ற பேதி மருந்துகளோ சேர்க்கப்படுகின்றன. இவற்றால் கொழுப்பு ஒரு கிராமும் கரைவதில்லை. உடலிலிருந்து நீரோடு பொட்டாசியமும் வெளியேறுகிறது. அதன் அளவு மிகக் குறைந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டுத் திடீர் மரணம் வரை போகலாம். எடை வேகமாகக் குறைந்ததே மருந்தின் நற்சான்று என்று வாங்கியவர் மகிழும் அந்த வாரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும்.

வரலாறு

முதல் உலகப் போரின்போது பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்னும் வேதிப்பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டி மெலிந்தார்கள்; சிலர் இறந்தார்கள். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் டெய்ன்டர், வின்ட்சர் கட்டிங் ஆகியோர் இதே பொருள் உடல் பருமனைக் குறைக்கும் என்று அறிவித்தனர். ஓராண்டுக்குள் அமெரிக்காவில் ஒரு லட்சம் பேராவது இதைச் சாப்பிட்டிருப்பார்கள் என்று டெய்ன்டரே மதிப்பிட்டார். உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலை உயிரணுக்கள் பயன்படுத்த விடாமல் வெறும் வெப்பமாக வீணாக்குவதுதான் இந்தப் பொருளின் வேலை. எடை உண்மையிலேயே குறைந்தது. அளவு சற்று மிஞ்சியபோது உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி மனிதர்கள் உள்ளேயே வெந்து இறந்தார்கள்; பலருக்குக் கண்புரை வந்தது. இதன் நச்சை முறிக்கும் மருந்து இன்றும் இல்லை. 1938இல் அமெரிக்காவில் வந்த புதிய மருந்துச் சட்டம் இதன் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இணையம் வந்தபின் உடற்கட்டு ஆர்வலர்களிடையே மீண்டும் தலைதூக்கியதால் 2015இல் இன்டர்போல் உலக நாடுகளின் காவல்துறைகளுக்கு எச்சரிக்கை அறிவிப்பு விடுத்தது.

அதன்பின் வந்த ஒவ்வொரு தலைமுறை மருந்தும் ஏறக்குறைய இதே பாதையில் நடந்தது. ஆம்ஃபெட்டமின் பசியை அடக்கியது; அடிமைப்படுத்தியது. 1960களின் இறுதியில் ஐரோப்பாவில் விற்ற அமினோரெக்ஸ், நுரையீரல் இரத்தக் குழாய்களில் கொடிய அழுத்தத்தை உண்டாக்கியது. 1997 ஜூலையில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், ஃபென்ஃப்ளூரமின், ஃபென்டர்மின் ஆகிய இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்ட 24 பெண்களுக்கு இதய வால்வுகள் பழுதடைந்திருந்ததை வெளியிட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமின் திரும்பப் பெறப்பட்டது. 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ரிமோனபன்ட் கடும் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுவது தெரிந்து, 2008இல் அங்கு நிறுத்தப்பட்டது. இந்தியா 2009இல் தடை விதித்தது. லார்காசெரின் புற்றுநோய் ஐயத்தால் 2020இல் அமெரிக்கச் சந்தையை விட்டு வெளியேறியது.

இந்தியாவுக்கு மிக நெருக்கமான கதை சிபுட்ரமின். நம் மருந்துக் கடைகளில் பல பெயர்களில் வெளிப்படையாகவே விற்ற மருந்து அது. மூளையில் செரடோனின், நாரட்ரீனலின் ஆகியவற்றின் அளவை உயர்த்திப் பசியை மட்டுப்படுத்தும். கூடவே நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இதய நோய் அபாயம் உள்ள ஏறத்தாழ 9,800 பேரிடம் நடத்தப்பட்ட ஸ்கவுட் என்னும் பெரும் ஆய்வு, இம்மருந்து எடுத்தவர்களில் 11.4 சதவீதத்தினருக்கும் ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதத்தினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் முதலான பெரும் இதய நிகழ்வுகள் ஏற்பட்டதைக் காட்டியது. 2010 ஜனவரியில் ஐரோப்பாவும் அக்டோபரில் அமெரிக்காவும் இதை நிறுத்தின. 2011 பிப்ரவரி 10ஆம் தேதி மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு இந்தியாவில் தடை செய்தது.

மறைத்துச் சேர்க்கப்படும் மருந்துகள்

தடைக்குப் பிறகும் சிபுட்ரமின் மறையவில்லை. ‘முற்றிலும் மூலிகை’ என்று எழுதிய டப்பாக்களுக்குள் புகுந்துகொண்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை கண்டறிந்த கலப்படத் துணை உணவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரையின்படி, மருந்தை மறைத்துக் கலந்த 776 பொருட்களில் ஏறத்தாழ 41 சதவீதம் எடை குறைப்புக்காக விற்கப்பட்டவை. அந்த எடை குறைப்புப் பொருட்களில் 100க்கு 85 வீதம் சிபுட்ரமின் இருந்தது. சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் கலந்திருந்தன.

இதில் கவலை தரும் கொடுமை ஒன்று உண்டு. பெயரில்லாத மாத்திரை ஒருவருக்கு உண்மையாகவே பசியை அடக்கினால், உள்ளே ஏதோ வலுவான மருந்து இருக்கிறது என்று பொருள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கும், மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவருக்கும், கருவுற்ற பெண்ணுக்கும் தாம் என்ன விழுங்குகிறோம் என்பதே தெரியாது. மயங்கி விழுந்து அவசரப் பிரிவுக்கு வந்தால் மருத்துவருக்கும் தெரியாது. தைராய்டு ஹார்மோனைக் கலந்து விற்பதும் உண்டு. அது படபடப்பையும் தசை இழப்பையும் எலும்புத் தேய்மானத்தையும் கொண்டுவரும்.

மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்ற நம்பிக்கையும் சோதனைக்கு நிற்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்து, கேரளத்திலும் குமரியிலும் மீன் குழம்புக்குப் புளிப்பேற்றும் கொடம்புளியின் சாறு, கார்சினியா என்ற பெயரில் உலகெங்கும் கேப்சூலாக விற்கிறது. 135 பேரிடம் 12 வாரங்கள் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எடை இழப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குழம்பில் போடும் கொடம்புளிக்கு ஒரு குறையும் இல்லை. செறிவூட்டிய சாற்றை நாள்தோறும் விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன.

ஆய்வில் தேறிய மருந்துகள்

ஆர்லிஸ்டாட் 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; இந்தியாவிலும் கிடைக்கிறது. கொழுப்பைச் செரிக்கும் நொதியைத் தடுத்து, உண்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதத்தை மலத்தோடு வெளியேற்றுகிறது. ஓராண்டில் இது தரும் கூடுதல் எடை இழப்பு சராசரியாக மூன்று கிலோ அளவே. எண்ணெய்ப் பசையுள்ள மலம், அடக்க முடியாத வயிற்றுப்போக்கு, ஏ, டி, ஈ, கே வைட்டமின் குறைபாடு ஆகியவை இதன் பக்கவிளைவுகள்.

சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் பிறந்த செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகள்தாம் இத்துறையில் உண்மையான மாற்றம். 2021இல் வெளியான ஆய்வில் செமாக்ளூடைடு 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. போலி ஊசி 2.4 சதவீதம். டிர்செபடைடின் உயர் அளவு 72 வாரங்களில் 20.9 சதவீதம் வரை குறைத்தது. இந்தியாவில் 2025 மார்ச்சில் டிர்செபடைடு ஊசியான மௌஞ்சாரோவும் ஜூனில் செமாக்ளூடைடு ஊசியான வெகோவியும் விற்பனைக்கு வந்தன. செமாக்ளூடைடு மாத்திரை வடிவில் 2022 முதல் இங்கே சர்க்கரை நோய்க்காகக் கிடைக்கிறது. வெறும் வயிற்றில், சிறிதளவு நீரோடு விழுங்கி, அரை மணி நேரம் கழித்தே உணவு உண்ண வேண்டும்.

இவற்றில் கவனிக்க வேண்டியது காலக் கணக்கு. இதுவரை கண்டவற்றிலேயே வலுவான மருந்துகள், மாதக்கணக்கில் அளவை மெல்ல மெல்ல உயர்த்தி, ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டால்தான் இந்தப் பலன். அதற்கும் குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி என்று விலை உண்டு. மருந்தை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதையும் ஆய்வு காட்டியது. ஆகவே இவற்றையும் தெரிந்தவர் சொன்னார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

சட்டமும் லேபிளும்

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் இடம்பெற்றுள்ளது. அதைத் தீர்ப்பதாக மருந்தை விளம்பரம் செய்வதே குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. எழுபது ஆண்டுப் பழைய இந்தச் சட்டத்தை முறையாகப் பயன்படுத்தியிருந்தால் இன்று கைப்பேசியில் ஓடும் விளம்பரங்களில் பெரும்பகுதி வந்திருக்காது.

டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணைக் காட்டி, அரசே ஒப்புக்கொண்டது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அந்த எண் தயாரிப்பவர் உணவு வணிகத்துக்கு உரிமம் பெற்றவர் என்பதை மட்டுமே சொல்கிறது. எடை குறையும் என்று எவரும் சோதித்துச் சான்றளித்ததாக அதற்குப் பொருளில்லை. துணை உணவின் லேபிளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்று அச்சிட வேண்டும் என்பதும் விதிதான். அந்த வரியைத் தேடிப் படித்தால் விற்பவர் சொல்வதற்கும் டப்பா சொல்வதற்கும் உள்ள தூரம் தெரியும்.

எடை குறைக்க விரும்புவோர் முதலில் காரணத்தைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடும், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும், ஸ்டீராய்டு மருந்துகளும் எடையை ஏற்றும். எளிய இரத்தப் பரிசோதனையில் பலவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே மிகை எடை, 25ஐத் தாண்டினால் பருமன் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். நூம்பல் வட்டாரத்தினருக்குப் பூந்தமல்லி அரசு மருத்துவமனை உண்டு. சித்த மருத்துவத்தை விரும்புவோர், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நகரை நோக்கிச் சென்றால் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையில் பதிவு பெற்ற மருத்துவர்களையே பார்க்கலாம்.

ஏற்கெனவே இத்தகைய மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் படபடப்பு, மூச்சுத்திணறல், கடும் வியர்வை, மயக்கம், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசரத்துக்கு 108ஐ அழைக்கலாம். பக்கவிளைவைத் தேசிய மருந்து கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே நேரடியாகத் தெரிவிக்கலாம்.