நில்ஸ் ஹோல்கர்சனின் வியத்தகு பயணம்

நில்ஸ் ஹோல்கர்சனின் வியத்தகு பயணம், சுவீடன் நாட்டு எழுத்தாளர் செல்மா லாகர்லெவ் (1858–1940) பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய நூல். 1906இலும் 1907இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. மொத்தம் 55 அத்தியாயங்கள். சொந்த நாட்டின் நிலவியலைச் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்காக ஆசிரியர் சங்கம் கேட்டு எழுதி வாங்கிய பாடநூல் இது. ஆனால் வகுப்பறையைத் தாண்டி, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, உலகச் சிறுவர் இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. கட்டைவிரல் உயரத்துக்குச் சுருங்கிப்போன ஒரு குறும்புக்காரப் பையன், வாத்தின் முதுகில் ஏறித் தென்கோடியிலிருந்து வடகோடி வரை நாட்டைச் சுற்றிவருவதே கதை.

தமிழ் வாசகர்களுக்கு லாகர்லெவ் புதியவர் அல்லர். அவருடைய முதல் நாவலான 'கோஸ்தா பெர்லிங்கின் கதை'யை 'மதகுரு' என்ற பெயரில் க.நா.சுப்ரமண்யம் தமிழாக்கினார். 1909இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர் லாகர்லெவ். அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே. 1914இல் சுவீடிய அகாதமியின் முதல் பெண் உறுப்பினரும் ஆனார்.

ஆசிரியர் சங்கத்தின் வேண்டுகோள்

சுவீடனில் 1842ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்தோறும் தொடக்கப் பள்ளி அமைய வழிசெய்தது. அந்தப் பள்ளிகளில் 1868 முதல் ஒரே வாசகப் புத்தகம் கோலோச்சியது. நூற்றாண்டு திரும்பியபோது அது பழையதாகிவிட்டது என்று ஆசிரியர்களே முணுமுணுக்கத் தொடங்கினர். தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம், பேரெடுத்த எழுத்தாளர்களைக் கொண்டே புதிய வாசக நூல்களை எழுதவைக்கத் தீர்மானித்தது. சங்கத்தின் சார்பில் ஆல்ஃபிரெட் டாலின் என்ற ஆசிரியர் லாகர்லெவை அணுகினார்.

ஆள் தேர்வில் ஒரு பொருத்தம் இருந்தது. 1885 முதல் பத்தாண்டுகள் தென் சுவீடனின் லண்ட்ஸ்க்ரோனா நகரில் பெண்கள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் லாகர்லெவ். வகுப்பில் எந்த வரியில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்பதை அறிந்தவர். நூலின் மாதிரி வரைவுகளோடு அவர் நீண்ட நாள் மல்லுக்கட்டினார். தாவரம், விலங்கு, சுரங்கம், நாட்டுப்புறக் கதை என்று படித்துக் குவித்தார். 1904இல் வடபகுதிக்கு நேரிலேயே பயணம் போனார். செய்தி சேர்ந்துகொண்டே போனது. அதைக் கட்டி நிறுத்த ஒரு கதைதான் அகப்படவில்லை.

கைக்கெட்டிய முன்மாதிரி பிரான்சில் இருந்தது. ஜி. புருனோ என்ற புனைபெயரில் அகுஸ்தின் ஃபூயே எழுதி 1877இல் வெளிவந்த 'இரு சிறுவரின் பிரான்ஸ் சுற்றுப்பயணம்' என்ற பள்ளி நூல், 1901க்குள் 60 லட்சம் பிரதிகள் விற்றிருந்தது. ஜெர்மனியிடம் பறிபோன லொரேன் பகுதியிலிருந்து தந்தையை இழந்த அண்ணனும் தம்பியும் புறப்பட்டு, நாடு முழுக்க நடந்து, ஒவ்வொரு ஊரின் தொழிலையும் பெரியோரையும் தெரிந்துகொள்வார்கள். பயணத்தைப் பாடமாக்கும் உத்தி அதில் முழுமையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுவர்கள் நல்ல பிள்ளைகள். பெரியவர்கள் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டுக்கொள்பவர்கள்.

லாகர்லெவ் நேர்மாறான பையனைத் தேர்ந்தெடுத்தார். விலங்குகளைப் பேசவைக்கும் துணிச்சலுக்கு ரட்யார்ட் கிப்ளிங்கின் 'காட்டுப் புத்தகம்' அவருக்குக் கைகொடுத்தது.

கதை

ஸ்கோனே மாகாணத்தில், வெஸ்ட்ரா வெம்மென்ஹோக் என்ற ஊரில், சிறு பண்ணை ஒன்றின் ஒரே மகன் நில்ஸ். வயது 14. சோம்பேறி. கோழியையும் பசுவையும் சீண்டுவதே அவனுக்குப் பொழுதுபோக்கு. மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார்கள். அவன் வீட்டிலிருந்து பிரசங்கப் புத்தகத்தைப் படிக்கவேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. அப்போது அம்மாவின் பெட்டி விளிம்பில், பண்ணை வீடுகளைக் காப்பதாகச் சுவீடிய கிராமத்தார் நம்பிய 'தோம்தெ' என்னும் குள்ளத் தேவதை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான். வலைபோட்டுப் பிடிக்கிறான். விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டவன் கடைசி நொடியில் வாக்கு மாற, கன்னத்தில் ஓர் அறை விழுகிறது. எழுந்து பார்த்தால் அவனே குள்ளன் அளவுக்குச் சிறுத்துவிட்டான். கூடவே விலங்குகளின் பேச்சும் விளங்கத் தொடங்குகிறது. முற்றத்தில் கோழியும் பசுவும் அவனைப் பற்றி என்ன நினைக்கின்றன என்பதுதான் அவன் காதில் விழும் முதல் சேதி.

வசந்தம் பிறந்து காட்டு வாத்துக் கூட்டங்கள் வடக்கே லாப்லாந்தை நோக்கிப் பறந்துகொண்டிருக்கின்றன. பண்ணையின் வெள்ளை ஆண் வாத்தான மோர்டென் அவற்றோடு கிளம்பப் பார்க்கிறது. தடுக்கப் போன நில்ஸ் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டே வானுக்குப் போய்விடுகிறான். கூட்டத்தின் தலைவி ஆக்கா, நூறு வயது தாண்டிய கிழவி. நாட்டின் மிக உயர்ந்த மலையான கெப்னெகைசேதான் அவளுக்கு ஊர். கூட்டத்து வாத்துகளின் பெயர்கள் யுக்சி, காக்சி, கோல்மே என்று போகின்றன. ஃபின்னிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்பதுதான் அது. ஸ்மிரே என்ற நரி கறுவிக்கொண்டு பின்தொடர்கிறது.

இலையுதிர் காலத்தில் நில்ஸ் ஊர் திரும்பும்போது அவனுக்கு முன்னே ஒரு சிக்கல். மோர்டென் வீட்டில் அறுபட்டால்தான் தான் மறுபடி மனிதனாக முடியும் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். தாய் கத்தியை எடுக்கும் நேரத்தில் கதவைத் தட்டித் தடுத்துவிடுகிறான். மனித உருவம் திரும்புகிறது. பறவைகளின் பேச்சு விளங்குவது அதோடு நின்றுவிடுகிறது.

நிலத்தைக் காட்டும் விதம்

சுவீடன் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 1,570 கிலோமீட்டர் நீளும் நாடு. அதன் மாகாணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் போனால் எந்தப் பிள்ளையும் தூங்கிவிடும். லாகர்லெவ் கண்ட தீர்வு, நாயகனைச் சிறுக்கவைத்தது. வாத்து முதுகில் இருக்கும்போது நிலம் முழுதும் அவன் காலடியில் விரிகிறது. கீழே இறங்கிவிட்டாலோ ஒரு புல்திட்டுகூட அவனுக்குக் காடு. எங்கே ஒளியலாம், எதைத் தின்னலாம், நரி எந்தப் பக்கம் வராது என்பது தெரியாவிட்டால் அன்றிரவே உயிர் போகும். நிலவியல் இந்தப் பையனுக்கு உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் அவன் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் இயல்பாக இருக்கிறது. பதிலைத் தெரிந்துகொள்ளும் அவசரம் படிக்கும் பிள்ளைக்கும் தொற்றிக்கொள்கிறது.

முதல் பறத்தலே இதற்கு நல்ல சான்று. தலைசுற்றி, கண்ணை மூடி, மெல்லத் திறந்து பார்க்கும் நில்ஸுக்குக் கீழே தெரிவது பெரிய கட்டம்போட்ட துணி. அது என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. பிறகு கட்டங்களை ஒவ்வொன்றாக இனங்காண்கிறான்: பச்சைக் கட்டம் போன இலையுதிர் காலத்தில் விதைத்துப் பனிக்கடியில் பசுமை மாறாமல் கிடந்த ரை வயல், வெளிறிய மஞ்சள் அறுவடை முடிந்த தாள், பழுப்பு பழைய தீவன வயலும் பீச் மரக் காடும். தான் பிறந்து வளர்ந்த சமவெளிதான் இது என்று அவனுக்குத் தெரியவரும்போது, பாடம் ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

மாகாணத்துக்கு ஒரு தொன்மக் கதை சொல்வது இன்னோர் உத்தி. ஸ்மோலண்ட் ஏன் கல்லும் முள்ளுமாக இருக்கிறது? கடவுள் ஸ்கோனேயைப் படைத்துக்கொண்டிருந்தபோது புனித பேதுரு தன் கைவரிசையைக் காட்டிய இடம் அது. நிலம் கெட்டுப்போனதால், எந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும் மக்களைக் கடவுள் அங்கே படைத்தார். ஓலண்ட் தீவு, சிறகு இழந்து கடலில் விழுந்த ஒரு மாபெரும் வண்ணத்துப்பூச்சியின் உடல் என்று ஓர் இடையன் சொல்வான். நீண்டு குறுகிய அந்தத் தீவின் வடிவமும் அதன் சுண்ணாம்புப் பாறைத் தளமும் அப்புறம் யாருக்கும் மறக்காது.

வரலாறும் இதே வழியில்தான் வருகிறது. 1680இல் பதினோராம் சார்லஸ் மன்னர் நிறுவிய கடற்படைத் தளம் கார்ல்ஸ்க்ரோனா. இரவில் அங்கே இறங்கும் நில்ஸ், சதுக்கத்தில் நிற்கும் மன்னரின் வெண்கலச் சிலையைக் கேலி செய்துவிட்டு நடக்கிறான். பின்னால் கனத்த காலடி ஓசை. தேவாலய வாசலில் பிச்சைப் பெட்டியோடு நிற்கும் ரோசன்போம் என்ற மரச்சிலை அவனைத் தன் தொப்பிக்குள் ஒளித்துக்கொள்கிறது. மன்னர் அந்த மரமனிதனையே வழித்துணையாக அழைத்துக்கொண்டு கப்பல் தளத்தைச் சுற்றிப்பார்க்கப் போக, தொப்பிக்குள் இருந்தபடியே நில்ஸ் ஒரு நாட்டின் கடற்படை வரலாற்றைப் பார்த்துவிடுகிறான். ரோசன்போம் மரச்சிலையை இன்றும் அந்த ஊரில் காணலாம்.

பால்டிக் கடற்கரைக் காட்சி வேறு வகை. செங்கால் நாரை ஒன்று நில்ஸை ஓர் இரவு கடலோரத்தில் இறக்கிவிடுகிறது. மணலில் கிடந்த செல்லாக் காசை அவன் காலால் எத்திவிடுகிறான். திரும்பிப் பார்த்தால் எதிரே வினேத்தா, கடலில் மூழ்கிய வணிக நகரம். வணிகர்கள் பட்டையும் பொன்னையும் அவன் முன் பரப்பி, ஒரே ஒரு காசு கொடு என்று கெஞ்சுகிறார்கள். எத்திவிட்ட காசை எடுக்க அவன் ஓடுகிறான். அதற்குள் நகரம் மறைந்துவிடுகிறது.

மண்ணும் தொழிலும் மக்களும்

நூலின் இரண்டாம் பாதி தொழில்மயமாகும் சுவீடனைக் காட்டுகிறது: ஃபாலுன் செம்புச் சுரங்கம், மர அறுவை ஆலைகள், வடக்கின் இரும்புத் தாது. இரும்பாலை ஒன்றின் இரைச்சலால் குகையை விட்டுப்போக நேர்ந்த கரடி, ஆலைக்குத் தீவைக்கும்படி நில்ஸை மிரட்டுகிறது. இரும்பு எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்று எண்ணிப்பார்க்கும் அவன் மறுத்துவிடுகிறான். ஆனால் டோகர்ன் ஏரியை வற்றவைத்து விளைநிலமாக்கும் திட்டம் வரும் அத்தியாயத்தில் கதையின் அனுதாபம் பறவைகளின் பக்கமே நிற்கிறது. இரண்டில் எது சரி என்ற தீர்ப்பை நூல் பொதுவாக வழங்குவதில்லை. இன்று அந்த ஏரி பேர்பெற்ற பறவைகள் வாழிடம்.

நூலின் மிகக் கனமான பகுதி, ஓசா, மாட்ஸ் என்ற அக்கா தம்பியின் கதை. இவர்கள் வானில் பறப்பதில்லை, நடக்கிறார்கள். தாயும் உடன்பிறந்தோரும் அடுத்தடுத்துச் செத்துப்போக, அது ஏதோ சாபம் என்று அஞ்சிய தந்தை வீட்டை விட்டே போய்விட்டார். ஒரு சொற்பொழிவில், அந்தச் சாவுகளுக்குக் காரணம் காசநோய் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவருகிறது. சாபமில்லை என்று அப்பாவிடம் சொல்வதற்காக இருவரும் தெற்கிலிருந்து லாப்லாந்து வரை நடக்கிறார்கள். மால்ம்பெரியெத் சுரங்க ஊரில் வெடிவிபத்தில் மாட்ஸ் இறந்துபோகிறான். பெரிய மனிதருக்குரிய சவ ஊர்வலம் தம்பிக்கு வேண்டும் என்று சுரங்க மேலாளர் முன் நின்று கேட்டு வாங்குகிறாள் ஓசா. அதன்பிறகே லாப்லாந்தின் பழங்குடிகளான சாமி மக்களின் குடியிருப்பில் தந்தையைக் கண்டுபிடிக்கிறாள். காசநோய் எதிர்ப்புக்கான தேசியச் சங்கம் சுவீடனில் 1904இல்தான் தொடங்கியிருந்தது. பாடநூலுக்குள் இத்தனை துக்கத்தைக் கொண்டுவந்தது அக்காலத்தில் சிறிய காரியம் அல்ல.

எழுத்தாளரும் ஓர் அத்தியாயத்தில் வந்துபோகிறார். நாட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எழுதவேண்டிய நூலுக்கு வழி கிடைக்காமல், விற்றுப்போன தன் பூர்வீக வீட்டைப் பார்க்க வரும் ஒரு பெண், அங்கே ஆந்தையிடம் சிக்கிய சின்னஞ்சிறு மனிதனைக் காப்பாற்றுகிறார். அவன் சொல்லும் கதைதான் நூல். அந்த வீடு வெர்ம்லண்ட் மாகாணத்து மோர்பக்கா. 1907இல் லாகர்லெவ் அதை விலைக்கு வாங்கி மீட்டார்.

எழுத்துச் சீர்திருத்தமும் விமர்சனமும்

1906இல் கல்வி அமைச்சராக இருந்த ஃப்ரித்யூவ் பெர்க், பேச்சில் இல்லாத எழுத்துகளைக் களைந்து சுவீடிய எழுத்துமுறையை எளிதாக்கினார். ஆசிரியர் சங்கத்தில் அவரும் முன்னணி மனிதர். புதிய முறையைப் பின்பற்றி அச்சான முதல் நூல்களில் 'நில்ஸ்' ஒன்று.

வரவேற்பு பெரிது, எதிர்ப்பும் இருந்தது. விலங்குகளின் வாழ்க்கை விவரங்களில் பிழை இருப்பதாக இயற்கையியலாளர்கள் குறை சொன்னார்கள். தேவதைக் கதையையும் நிலவியல் பாடத்தையும் கலந்தால் பிள்ளை எதை நம்பும் என்று சிலர் கேட்டார்கள். மேற்குக் கரையின் ஹாலண்ட் மாகாணத்துக்குத் தனி அத்தியாயம் இல்லை. அந்த வருத்தம் அங்கே நெடுநாள் பேசப்பட்டது.

மொழிபெயர்ப்பும் செல்வாக்கும்

வெல்மா ஸ்வான்ஸ்டன் ஹோவர்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1907, 1911 ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்தது. அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டாத உள்ளூர் விவரம் என்று கருதிய பகுதிகள் அதில் சுருக்கப்பட்டன. 1955இல் சோவியத் ஒன்றியம் இக்கதையை அசைவூட்டப் படமாக எடுத்தது. 1980இல் ஜப்பானில் 52 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. வெளிநாடுகளில் பலருக்கு நில்ஸ் இந்தப் படங்கள் வழியாகவே அறிமுகம்.

வாத்துக் குஞ்சுகள் முதலில் கண்டவரையே தாயாகப் பின்தொடரும் இயல்பை ஆராய்ந்து 1973இல் நோபல் பெற்ற கொன்ராட் லோரன்ஸ், எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில் இந்த நூலை வாசிக்கக் கேட்டதையே தன் வாத்துப் பித்துக்குத் தொடக்கமாகக் குறிப்பிட்டிருக்கிறார். போலந்துக் கவிஞர் செஸ்வாஃப் மிவோஷ் 1980இலும், ஜப்பானிய நாவலாசிரியர் கென்சாபுரோ ஓயே 1994இலும் தம் நோபல் உரைகளில் நில்ஸை நினைவுகூர்ந்தனர். உயரப் பறந்துகொண்டே நிலத்தை நுணுக்கமாகவும் பார்க்கும் அந்த இரட்டைப் பார்வையைக் கவிஞனின் வேலைக்கு இலக்கணமாக எடுத்துக்கொண்டார் மிவோஷ். சுவீடனில் 1991 முதல் புழங்கிய 20 குரோனர் தாளில் ஒரு பக்கம் லாகர்லெவும் மறுபக்கம் வாத்தின் மேல் நில்ஸும் இருந்தார்கள். 2015இல் அந்த இடம் சிறுவர் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனுக்குப் போனது.

அதே பள்ளி வரிசைக்காக வெர்னர் ஃபொன் ஹைடன்ஸ்டாம் நாட்டின் வரலாற்றை எழுதினார். நடு ஆசியாவை அளந்து வந்த பயணி ஸ்வென் ஹெடின், 1911இல் 'துருவம் முதல் துருவம் வரை' என்று உலகம் முழுவதையும் எழுதினார். ஹைடன்ஸ்டாமுக்கும் 1916இல் நோபல் கிடைத்தது. இந்த வரிசையில் இன்றும் உலகெங்கும் பிள்ளைகள் விரும்பிப் படிப்பது நில்ஸின் கதையைத்தான்.