ஓட்டையும் செலோரேப்பும்: 'எழுதாதே' என்ற கட்டளைக்கு ஒரு சின்ன வரலாறு

போன லீவுக்கு வீட்ட போயிருந்த நேரம் தம்பி தன்ட கேம் கன்சோலைக் கொண்டு வந்து மடியில வைச்சான். "அக்கா, கார்ட் லொக் ஆகிட்டுதாம். சேவ் பண்ணேலாதாம்."

திரையில் இருந்த செய்தியும் அதைத்தான் சொன்னது. மெமரி கார்ட் எழுதமுடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதாம். பழைய சேவ்கள் எல்லாம் தெரிகின்றன, படங்களும் திறபடுகின்றன, ஆனால் புதிதாக ஒன்றையும் அது எழுத விடவில்லை. ரவுணில் ஒரு கடையில் காட்டியிருக்கிறான். "கார்ட் செத்துட்டுது தம்பி, போர்மட் பண்ணிப் பாப்பம், இல்லாட்டி புதுசு வாங்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல காலம், அவன் போர்மட் பண்ணக் குடுக்கவில்லை. அந்தக் கார்ட்டில் அவன்ட நாலு வருச விளையாட்டோடு, கன்சோலின்ட சின்னக் கமெராவால் எடுத்த அம்மம்மாவின்ட கடைசிப் படங்களும் கிடந்தன.

நான் எலெக்ட்ரோனிக்ஸ் படித்த ஆள் இல்லை. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன். ஆனால் எங்களுக்கு முதல் வருடத்திலேயே ஒரு கேள்வி சொல்லித் தருவார்கள்: ஒரு சான்று எதையாவது சொன்னால், அதை யார் சொல்கிறார், அவருக்கு அது எப்படித் தெரியும்? அதையே இந்தச் செய்தியிடமும் கேட்டுப் பார்த்தேன். 'கார்ட் பூட்டப்பட்டிருக்கிறது' என்று சொல்வது கார்ட் இல்லை, கன்சோல். அதுக்கு எப்படித் தெரியும்?

பதில் கொஞ்சம் சிரிப்பானது. அது கார்ட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறது.

எஸ்.டி. கார்ட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். 32 மில்லிமீற்றர் நீளம், 24 மில்லிமீற்றர் அகலம். இடது விளிம்பில் சின்னதாக ஒரு பிளாஸ்ரிக் துண்டு மேலும் கீழும் ஓடும். உலோகத் தொடுகைகள் இருக்கிற பக்கமாக மேலே தள்ளினால் எழுதலாம், கீழே இழுத்தால் பூட்டு. பலர் நினைப்பது போல இந்தத் துண்டு கார்ட்டுக்குள் எந்த வயரோடும் இணைக்கப்பட்டதில்லை. தன்னுடைய துண்டு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று கார்ட்டுக்கே தெரியாது. கன்சோலின் துளைக்குள் இருக்கிற ஒரு சின்ன உலோகச் சுவிச்தான் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறது. துண்டு மேலே நின்று சுவிச்சைத் தள்ளினால் 'எழுதலாம்'. அங்கே ஒன்றும் தட்டுப்படாவிட்டால் 'பூட்டு'. அதற்குப் பிறகு எழுதாமல் இருப்பது முழுக்க முழுக்க இயந்திரத்தின் நல்லெண்ணம். கெனன் கமெராக்களுக்கு ரசிகர்கள் செய்த சி.எச்.டி.கே. என்ற மென்பொருளில் இது வடிவாகத் தெரியும். அது தானாக இயங்கத் தொடங்குவதற்குக் கார்ட்டைப் பூட்டி வைக்கவேண்டும், இயங்கத் தொடங்கியபின் அதே பூட்டிய கார்ட்டிலேயே படங்களை எழுதும்!

அப்படியென்றால் இப்படி ஒரு பூட்டை ஏன் கண்டுபிடித்தார்கள்? இதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

1960களின் பெரிய கணினிகள் தரவுகளை அரை அங்குல காந்த நாடாச் சுருள்களில் வைத்திருந்தன. சுருளின் பின்பக்கத்தில் ஒரு வட்டப் பள்ளம். அதற்குள் ஒரு பிளாஸ்ரிக் வளையத்தைப் போட்டால்தான் இயந்திரம் அந்த நாடாவில் எழுதும். வளையம் இல்லையென்றால் எழுதாது. அதாவது இயல்பு நிலையே பூட்டு. எழுதவேண்டியவர்தான் மினக்கெட்டு வளையம் தேடவேண்டும்.

1963இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கசெற்றை அறிமுகம் செய்தது. எங்கட வீடுகளுக்குள் இந்தப் பூட்டைக் கொண்டு வந்தது கசெற்தான். நாடா தெரியிற பக்கத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் நாக்குகள் இருக்கும், ஒரு பக்கத்துக்கு ஒன்று. அதை உடைத்தால் ஓட்டை. ரெக்கோடருக்குள் இருக்கிற ஒரு நெம்பு அந்த ஓட்டைக்குள் விழுந்தால் பதிவு பட்டன் அமராது. திரும்பப் பதிய ஆசை வந்தால் ஓட்டையில் செலோரேப் ஒட்டினால் சரி, அல்லது கடதாசியை மடித்து அடைத்தால் சரி. வி.எச்.எஸ். வீடியோ நாடாவிலும் இதே கதைதான்.

ஃபுளொப்பி டிஸ்க்கின் கதை இன்னும் விசித்திரம். 1971இல் ஐ.பி.எம். கொண்டு வந்த 8 அங்குல டிஸ்க்கின் முதல் இயந்திரம் வாசிக்க மட்டும்தான் தெரிந்தது, எழுதவே தெரியாது. பெரிய கணினிகளுக்கு உள்நிரலை ஏற்றுவதற்காகச் செய்தது அது. எழுதும் வசதி 1973இல்தான் வந்தது. எழுதத் தெரிந்த பிறகுதான் 'எழுதாதே' என்று சொல்லவேண்டிய தேவையும் வந்தது. 8 அங்குல டிஸ்க்கில் விளிம்பு வெட்டு திறந்திருந்தால் பூட்டு, மூடி ஒட்டினால் எழுதலாம். 1976இல் வந்த 5.25 அங்குல டிஸ்க்கில் இது அப்படியே தலைகீழ்: வெட்டு திறந்திருந்தால் எழுதலாம், மூடி ஒட்டினால் பூட்டு. பிறகு 3.5 அங்குல டிஸ்க்கில் திரும்பவும் மாறி, ஓட்டை தெரிந்தால் பூட்டு. ஒரே ஓட்டை, பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் இரண்டு தரம் அர்த்தம் மாறியிருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விசயம் என்னவென்றால், ஒவ்வொரு தரமும் யாரோ ஒருவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்: ஒரு துண்டு உடைந்தோ விழுந்தோ தொலைந்தால் என்ன நடக்கவேண்டும்? இருப்பதை அழியவிடுவதா, புதிதாக எழுதவிடாமல் தடுப்பதா? காந்த நாடாவின் வளையமும் கசெற்றின் நாக்கும் 'இருப்பதைக் காப்பாற்று' என்று பதில் சொன்னவை. 5.25 அங்குல டிஸ்க் மற்றப் பதிலைச் சொன்னது: ஸ்ரிக்கர் கழன்று விழுந்தால் பாதுகாப்பும் போய்விடும்.

எஸ்.டி. கார்ட் 1999இல் மற்சுஷிற்றா, சான்டிஸ்க், தொஷிபா மூன்றும் சேர்ந்து செய்தது. அது வளையத்தின் பரம்பரையைச் சேர்ந்தது. துண்டு கழன்று தொலைந்தால் பெரும்பாலான இயந்திரங்கள் அதைப் பூட்டு என்றே எடுக்கும்.

விளையாட்டுக் கன்சோல்களுக்கு இந்தப் பூட்டு உண்மையில் தேவையே இல்லை. 1994இல் வந்த பிளேஸ்ரேஷனின் மெமரி கார்ட் 128 கிலோபைற், 15 கட்டங்கள். அதில் பூட்டு எதுவும் இல்லை. சேவ் பண்ணத்தானே அந்தக் கார்ட்டே இருக்கிறது? ஆனால் 2000களில் கன்சோல்களும் பொதுவான கார்ட்களை ஏற்கத் தொடங்கின. 2006இல் வந்த நிண்டெண்டோ வீயில் எஸ்.டி. துளை இருந்தது. அந்தக் கார்ட்டோடு கூடவே, நாடாக் காலத்துப் பூட்டும் சீதனமாக வந்து சேர்ந்தது.

சரி, தம்பியின்ட கார்ட்டுக்கு வருவம். பிழை மூன்று இடங்களில் இருக்கலாம் என்று ஒரு கொப்பியில் எழுதினேன்: விளிம்புத் துண்டு, கன்சோலின் சுவிச், கார்ட்டின் உள்பகுதி. மூன்றாவதுதான் பயம். கார்ட்டுக்குள்ளேயே ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் தற்காலிகப் பூட்டுக்கு ஒரு பிற், நிரந்தரப் பூட்டுக்கு ஒரு பிற். நிரந்தரத்தைப் போட்டால் திரும்ப எடுக்கேலாது. ஆயுள் முடியும்போது சில கார்ட்கள் தாங்களாகவே வாசிக்க மட்டும் விடும் நிலைக்கும் போகும்.

முதலில் கார்ட்டை லப்டொப்பில் போட்டு, ஒன்றையும் மாற்றாமல் எல்லாவற்றையும் கொப்பி பண்ணினேன். வேறு எது செய்வதற்கும் முதல் இதைச் செய்யுங்கள். பூட்டிய கார்ட்டை வாசிக்கலாம்தானே. பிறகு ஒரு சின்ன ரெக்ஸ்ற் ஃபைலை அதில் எழுதிப் பார்த்தேன். எழுதுப்பட்டது. அப்ப கார்ட் சாகவில்லை. ஆனால் சில ரீடர்கள் துண்டைக் கவனிப்பதே இல்லை என்பதால், துண்டைக் கீழே இழுத்துத் திரும்ப முயன்றேன். லப்டொப் மறுத்தது. ஆக இந்த ரீடரின் சாட்சியை நம்பலாம்.

அடுத்தது, சித்தப்பாவின் கமெராக் கார்ட்டைக் கன்சோலில் போட்டோம். ஒரு முறைப்பாடும் இல்லாமல் சேவ் ஆனது. அப்ப கன்சோலின் சுவிச்சும் குற்றவாளி இல்லை.

மிச்சம் துண்டு. தம்பியின் கார்ட்டில் அதை மேலே தள்ளி, வடிவாகப் பார்த்து, கன்சோலில் போட்டேன். 'பூட்டு.' வெளியே எடுத்தேன். துண்டு கீழே நின்றது! பாவித்துப் பாவித்துத் தேய்ந்து இலகுவாகிப் போன துண்டு, உள்ளே போகும்போது துளையின் விளிம்பில் உரசிக் கீழே இறங்கியிருக்கிறது. லப்டொப்பின் துளை கொஞ்சம் அகலம், அதனால் அங்கே உரசவில்லை. கடை சொன்ன 'செத்த கார்ட்டின்' நோய் இவ்வளவுதான்.

மருந்து? துண்டை மேலே தள்ளி, அதன் மேல் மெல்லிய செலோரேப்பை ஒடுக்கமாக வெட்டி ஒட்டினோம். உலோகத் தொடுகைகளில் படக்கூடாது, நுனி கிளம்பி நிற்கக்கூடாது. போட்டோம். சேவ் ஆனது. ஆனால் இது தற்காலிகம். எங்கட வெயிலுக்குப் பசை இளகித் துளைக்குள் ஒட்டினால் கன்சோலும் கெட்டுப்போகும். அடுத்த கிழமை புதுக் கார்ட் வாங்கி எல்லாவற்றையும் மாற்றினோம்.

செலோரேப் வெட்டும்போது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னா, "மாமாவும் உப்பிடித்தான் ஒட்டினவர்."

கதை இதுதான். தொண்ணூறுகளில் அம்மப்பா கனடாவிலிருந்த பெரிய மாமாவுக்கு ஒரு கசெற்றில் கதைத்துப் பதிந்திருக்கிறார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் றேடியோ கேட்டார்கள். அப்படிப் பதிந்த கசெற் அனுப்ப வழியில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. அம்மப்பா போனபிறகு அம்மம்மா கத்தி நுனியால் அந்த நாக்கை உடைத்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறா. பிறகு சமாதான காலத்தில், பாட்டுப் பதிய வெறும் கசெற் தேடிய சின்ன மாமா, ஓட்டையை ஒட்டி றேடியோப் பாட்டுகளைப் பதிந்துவிட்டார். பாட்டுகள் முடிந்தபிறகு கடைசியில் ஒரு ரெண்டு நிமிசம் அம்மப்பாவின் குரல் மிஞ்சியிருக்கிறது. "எல்லாரும் சுகமாய் இருக்கிறம்" என்று தொடங்குகிற துண்டு.

மாமாவில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஓட்டை 'எழுதாதே' என்று மட்டும் சொன்னது. யார் உடைத்தது, ஏன் உடைத்தது என்று சொல்லவில்லை. கசெற்றின் மேல் ஒரு பெயரும் எழுதியிருக்கவில்லை. ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்க்கிற நெம்புக்கு அந்தக் காரணம் தெரியத் தேவையில்லை, ஆனால் செலோரேப்போடு வருகிற மனிசனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"அப்ப லொக் எண்டது சும்மாவா அக்கா?" என்று தம்பி கேட்டான்.

சும்மா இல்லை. கை தவறி அழிவதை அது தடுக்கும், தெரியாமல் அழிப்பவரைத் தடுக்காது. அதனால் அம்மம்மாவின் படங்களை இரண்டு இடங்களில் கொப்பி பண்ணி, கோப்புக்கு அவவின் பெயரையும் வருடத்தையும் போட்டோம். அந்தக் கசெற்றையும் இப்போது கணினிக்கு மாற்ற ஒரு ரெக்கோடர் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போது வருகிற மைக்ரோ எஸ்.டி. கார்ட்களில் அந்தத் துண்டே கிடையாது, உடைக்க நாக்கும் இல்லை, ஒட்ட ஓட்டையும் இல்லை. உங்கட வீட்டு அலுமாரியிலும் நாக்கு உடைந்த கசெற் ஏதும் கிடந்தால், அதை உடைத்தவர் இருக்கும்போதே ஏன் உடைத்தவர் என்று கேட்டு, மேலே எழுதி வையுங்கள்.